ரெண்டாங்கட்டுக்கு வைஃபை

ஆறு வருஷம் கழித்துத் தம்பியின் முகத்தைப் பார்க்க அப்பா ஒப்புக்கொண்டார். அதற்கு ஒரு நிபந்தனை போட்டார். பார்ப்பது எங்கள் வீட்டு ரெண்டாங்கட்டில் வைத்துத்தான், வேறு எங்கே வைத்தும் இல்லை.

சீவலப்பேரியில் இருக்கும் எங்கள் வீட்டின் உள்கூடத்தைத்தான் ரெண்டாங்கட்டு என்போம். தெருவிலிருந்து வந்தால் முதலில் முன்கட்டு, அப்புறம் முற்றம், முற்றத்தைத் தாண்டினால் ரெண்டாங்கட்டு. சுவர் இரண்டடி கனம். வெயில் உள்ளே வராது, தெருச் சத்தம் வராது, செல்போன் சிக்னலும் வராது. கட்டியவர்கள் முதல் இரண்டை மட்டும் மனதில் வைத்துக் கட்டியிருப்பார்கள். சிக்னல் கிடைப்பது தட்டட்டியில், அதாவது மொட்டை மாடியில். அங்கேயும் மேற்கு மூலையில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், கைப்பிடிச் சுவர்மேல் போனை வைத்தால் நாலு கோடு காட்டும். கையில் எடுத்தால் இரண்டு கோடு. படி இறங்கினால் ஒன்றும் இல்லை.

அப்பாவால் படியேற முடியாது. இதயத்தில் மூன்று இடத்தில் அடைப்பு. திங்கட்கிழமை ஆபரேஷன் என்று நாள் குறித்தாகிவிட்டது. ஞாயிறு சாயங்காலம் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும், அதுவரை ஒரு படிகூட ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"பாளையங்கோட்டைக்கு என் வீட்டுக்கு வாங்கப்பா. அங்கன நல்ல இன்டர்நெட் இருக்கு. டிவியிலயே பெருசாத் தெரிவான்" என்றேன்.

"அவன் வர வேண்டியது இந்த வீட்டுக்கு. ஒன் வீட்டு டிவிக்கு இல்ல."

அப்பா பத்திர ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு வாக்கியம் சொன்னால் அதில் அடித்தல் திருத்தல் இருக்காது.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அம்மா ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலையில் இறந்தாள். தம்பி அமெரிக்காவில் இருந்தான். அடித்துப் பிடித்து டிக்கெட் வாங்கினான். ஞாயிறு காலையில் வந்துவிடுவேன் என்றான். எங்கள் பக்கம் சனிக்கிழமை எடுக்க மாட்டார்கள். எனவே ஒன்று வெள்ளிக்கிழமை இருட்டுவதற்குள் எடுக்க வேண்டும், இல்லையென்றால் ஞாயிறுவரை வைத்திருக்க வேண்டும். ஐஸ் பெட்டியும் வந்துவிட்டது. அம்மாவை ரெண்டாங்கட்டில்தான் கிடத்தியிருந்தோம். ஞாயிறுவரை காத்திருப்பது என்று எல்லாரும் பேசி முடித்த பிறகு, அதுவரை வாயே திறக்காமல் இருந்த அப்பா, "இன்னைக்கே எடுத்துருவோம்" என்றார். ஏன் என்று கேட்டவர்களிடமும் "எடுங்க" என்று மட்டும் சொன்னார். எடுத்தோம். மகன் வைக்க வேண்டிய கொள்ளியை அவரே வைத்தார்.

எடுத்துவிட்டோம் என்று தம்பிக்கு நான்தான் தாக்கல் சொன்னேன். அப்போது அவன் அங்கே விமான நிலையத்தில் நின்றுகொண்டிருந்தான். "அப்ப நான் யாரைப் பாக்க வரணும்?" என்று கேட்டான். போனை நான் ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். ஏன் போட்டேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பக்கத்தில் இருந்த அப்பா எழுந்து போய்விட்டார். தம்பி விமானம் ஏறாமல் வீட்டுக்குத் திரும்பிவிட்டான். அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

ஆறு வருஷமும் நடுவில் நான். ஞாயிற்றுக்கிழமைகளில் சீவலப்பேரிக்குப் போவேன், தட்டட்டியில் நின்று தம்பியிடம் பேசுவேன், இறங்கி வந்து சுவரைப் பார்த்துச் செய்தி வாசிப்பேன். "தம்பிக்கு வேலை மாறியிருக்காம். தம்பி கார் வாங்கியிருக்கானாம்." அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். நான் வாசித்து முடிக்கும்வரை பேப்பரில் பக்கம் திரும்பாது. முடித்ததும் திரும்பும்.

ஆபரேஷன் என்றதும் தம்பி பதறினான். அவனுடைய விசா புதுப்பிக்கப் போயிருந்தது. அந்த நேரத்தில் கிளம்பினால் திரும்பிப் போக முடியாமல் ஆகலாம். "எல்லாத்தையும் விட்டுட்டு வாறேன்" என்றான். நான்தான் வேண்டாம் என்றேன். "அப்ப ஒரு தடவை மூஞ்சியக் காட்டச் சொல்லுக்கா, அது போதும்" என்றான். அப்பாவிடம் சொன்னேன். பேப்பரை மடித்து வைத்தார், கண்ணாடியைக் கழற்றினார், நிபந்தனையைச் சொன்னார். நான் தட்டட்டிக்கு ஏறி, "எல்லாம் ஆயிட்டுலே, ஞாயிறு காலைல பத்து மணிக்கு" என்று தம்பியிடம் சொல்லிவிட்டேன். எப்படி ஆகும் என்று யோசித்தது அதற்குப் பிறகுதான்.

நான் பாளையங்கோட்டையில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் டீச்சர். 'வலையமைப்பு என்றால் என்ன?' என்ற கேள்விக்கு ஐந்து மதிப்பெண் விடையைப் பலகையில் எழுதிப் போட்டே காலம் போய்விட்டது. என்னவென்று எனக்குத் தெரியுமா என இதுவரை யாரும் கேட்டதில்லை. பள்ளிக் கணினிகளில் லினக்ஸ் என்ற இயங்குதளம் இருப்பதால் என் மடிக்கணினியிலும் லினக்ஸ் போட்டு வைத்திருக்கிறேன். அதனால் உறவுக்காரர்களுக்கு நான் இன்ஜினியர்.

வீட்டுக்கு இன்டர்நெட் வயர் இழுக்கச் சொல்லிக் கேட்டதற்கு அடுத்த வாரம் வருவதாகச் சொன்னார்கள். அன்று வியாழக்கிழமை. ஆகவே நானே ஒரு திட்டம் போட்டேன். போன் தண்ணீர்த் தொட்டி மூலையிலேயே இருக்கட்டும். அது கொடுக்கும் வைஃபை படிக்கட்டின் தலைமாடுவரைதான் வருகிறது. அங்கே மடிக்கணினியை வைத்தால் அது போனிடமிருந்து வாங்கி, முற்றத்து வழியாக ரெண்டாங்கட்டுக்குக் கொடுக்கும். போனையும் மடிக்கணினியையும் வயரால் இணைக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: தொட்டிக்கும் படிக்கும் நடுவில் இருபது தப்படி, என் வயர் ஒரு முழம்.

மடிக்கணினியின் வைஃபைக்கு என்னென்ன வேலை தெரியும் என்று அதனிடமே கேட்கலாம். கறுப்புத் திரையில் 'ஐடபிள்யூ லிஸ்ட்' என்று தட்டினால் சொல்லும். தட்டினேன். மேனேஜ்டு என்று இருந்தது. இன்னொருவர் கொடுக்கும் வைஃபையை வாங்கிக்கொள்வது அது. ஏபி என்றும் இருந்தது. தானே மற்றவர்களுக்குக் கொடுப்பது. வாங்கவும் தெரியும், கொடுக்கவும் தெரியும், பிறகென்ன? மூடி வைத்துவிட்டு அப்பாவிடம் போய், "ஏற்பாடு ஆயிட்டுப்பா" என்றேன்.

"பாத்துட்டுத்தான் சொல்லுதியா?"

"பாத்துட்டேம்பா."

வெள்ளிக்கிழமை பள்ளிவிட்டு டவுன் பஸ்ஸில் வந்து இறங்கியதும் படிக்கட்டில் கடை விரித்தேன். போனிலிருந்து வைஃபை வந்தது. மடிக்கணினியைக் கொடுக்கச் சொன்னேன். கொடுத்தது. ஆனால் வருவது நின்றுவிட்டது. மறுபடி வாங்கச் சொன்னேன். வாங்கியது, கொடுப்பது நின்றுவிட்டது. "ஏ மூதி, ரெண்டையும் செய்யி!" என்று சத்தம் போட்டேன். முற்றத்தில் இருந்த பூனைதான் எழுந்து போனது. எட்டுத் தடவை செய்து பார்த்த பிறகு, அந்தப் பட்டியலை மறுபடியும் எடுத்தேன். கல்யாண வீட்டுப் பலசரக்குச் சீட்டு மாதிரி நீளமான பட்டியல். வியாழக்கிழமை நான் மேலே நாலு வரி பார்த்துவிட்டு மூடியிருந்தேன். இப்போது அடிவரைக்கும் போனேன். கடைசிப் பக்கத்தில் ஒரு வரி கிடந்தது. இந்த வேலைகளை ஒரே சமயத்தில் சேர்த்துச் செய்ய இதனால் ஆகாது என்று அதற்கு அர்த்தம். வாங்கும்போது வாங்கும், கொடுக்கும்போது கொடுக்கும், அவ்வளவுதான்.

'வினாவை முழுமையாகப் படிக்கவும்' என்று வருஷா வருஷம் பிள்ளைகளின் தாளில் சிவப்பு மையால் எழுதுகிறவள் நான். என்னையே நாலு சாத்து சாத்தலாம் போல் இருந்தது.

சனிக்கிழமை காலையில் திருநெல்வேலி ஜங்ஷனில் தெரிந்த கம்ப்யூட்டர் கடைக்குப் போனேன். யூஎஸ்பியில் செருகுகிற குட்டி வைஃபை ஒன்று வேண்டும், ஏற்கனவே இருப்பது வாங்கட்டும், இது கொடுக்கட்டும் என்று கணக்கு. கடைக்காரர் ஒன்றை எடுத்து வைத்தார்.

"அண்ணாச்சி, லினக்ஸ்ல இது ஏபி மோடு எடுக்குமா?"

"எல்லாம் எடுக்கும் டீச்சர்."

"வாங்குதத கேக்கல அண்ணாச்சி. கொடுக்குமான்னு கேக்கேன்."

"கொடுக்கும் டீச்சர். நல்லாவே கொடுக்கும்."

"பெட்டியில ஒண்ணும் போடலியே?"

"பெட்டியில எல்லாத்தையுமா போடுவான்? இடம் கிடக்கா அதுல? உக்காருங்க, ஒரு டீ சாப்பிடுங்க."

மடிக்கணினி என் பையில்தான் இருந்தது. அங்கேயே செருகி ஒரு வரி தட்டியிருந்தால் அரை நிமிஷத்தில் தெரிந்திருக்கும். ஆனால் டீ வந்துவிட்டது. ஒரு மனிதர் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே, அவர் சொன்னது நிஜமா என்று அவர் கண்முன்னாலேயே சோதித்துப் பார்க்க எனக்கு வளர்ப்பு இடம் கொடுக்கவில்லை. இரண்டு தடவை கேட்டதே அதிகம் என்று பட்டது. டீ நன்றாக இருக்கிறது என்று வேறு சொன்னேன். பணத்தைக் கொடுத்துவிட்டு சீவலப்பேரி பஸ் ஏறினேன்.

படிக்கட்டில் உட்கார்ந்து புதியதைச் செருகி, அதனிடம் கேட்டேன். மேனேஜ்டு, மானிட்டர் என்று இரண்டே இரண்டு சொன்னது. இந்தத் தடவை அடிவரைக்கும் மூன்று முறை படித்தேன். ஏபி இல்லை. மானிட்டர் என்பது யாரோடும் சேராமல், யாரிடமும் பேசாமல், காற்றில் போகிற எல்லாவற்றையும் ஒட்டுக் கேட்பது. அந்த வேலைக்கு எங்கள் வீட்டில் ஏற்கனவே ஆள் இருந்தார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. சனிக்கிழமை அந்தக் கடை அரைநாள்தான், திரும்பப் போய்ச் சேர்வதற்குள் அடைத்துவிடுவார்கள். மறுநாள் ஞாயிறு, கடை இல்லை. காலையில் பத்து மணிக்குத் தம்பி அங்கே சட்டையெல்லாம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். இவர் இங்கே நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். திங்கட்கிழமை நெஞ்சைத் திறக்கப் போகிறார்கள். எல்லாம் ஆயிட்டு, ஆயிட்டு என்று இரண்டு பக்கமும் சொல்லி வைத்தவள் நான். அப்பா பிழைக்காமல் போனால், கடைசி வாய்ப்பை ஒரு டீக்காக விட்டவள் என்று என்னை நானே ஆயுசுக்கும் மன்னிக்க மாட்டேன்.

"ஏட்டி, அங்கன என்ன மூக்க உறிஞ்சுத சத்தம்?" கீழேயிருந்து அப்பா.

எனக்கு வந்ததே கோபம். "ஒங்க பிடிவாதந்தான்! என் வீட்டுக்கு வந்தா கிரீடம் எறங்கிருமோ? பழசு வாங்கவும் செய்யும், கொடுக்கவும் செய்யும், ஆனா ஒரு நேரத்துல ஒண்ணுதான் செய்யும். புதுசா ஒண்ண வாங்கிட்டு வந்தேன், அதுக்குக் கொடுக்கவே தெரியாது, வாங்க மட்டுந்தான்..."

அங்கேயே நிறுத்திவிட்டேன். வாங்க மட்டும் தெரிந்த ஒன்று இருக்கிறது. கொடுக்கத் தெரிந்த ஒன்றும் இருக்கிறது. நான்தான் காலையிலிருந்து, பழையது வாங்க வேண்டும் புதியது கொடுக்க வேண்டும் என்று மனதில் சாமி சத்தியம் செய்து வைத்திருக்கிறேன். வேலையை மாற்றிக் கொடுத்தால் ஆயிற்று. புதியது போனிடம் வாங்கட்டும், பழையது ரெண்டாங்கட்டுக்குக் கொடுக்கட்டும்.

"ஏன் நிப்பாட்டிட்ட? முழுசாத் திட்டு" என்றார் அப்பா.

"அப்புறம் திட்டுதேன். இப்பச் சோலி கிடக்கு."

பத்து நிமிஷத்தில் வேலை முடிந்தது. பையில் கொண்டுவந்திருந்த என் டேப்லெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினேன். முற்றத்தில் நாலு கோடு. ரெண்டாங்கட்டு நிலைப்படியில் மூன்று. உள்ளே போனதும் இரண்டு. ஜன்னல் ஓரம் நாற்காலியைப் போட்டால் மூன்று கிடைத்தது. அங்கேயே போட்டேன். அப்பா பைய நடந்து வந்தார், நாற்காலியை இழுத்துக் கூடத்தின் நடுவில் போட்டார். அங்கே இரண்டுதான். ஐஸ் பெட்டி இருந்த இடம் அது.

ஞாயிறு காலையில் அப்பா குளித்து, திருநீறு பூசி, வெள்ளைச் சட்டை போட்டு ஒன்பதரைக்கே உட்கார்ந்துவிட்டார். நான் மேலும் கீழும் ஏழு தடவை ஏறி இறங்கினேன். பத்து மணிக்கு டேப்லெட்டில் தம்பி வந்தான். தலை நரைத்திருந்தது. அது எனக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியாது.

"அப்பா" என்றான்.

அப்பா பார்த்தார். தம்பியும் பார்த்தான். இருவரும் அசையவில்லை. இணைப்புத்தான் நின்றுவிட்டதோ என்று நினைத்தேன். தம்பிக்குப் பின்னால் சுவரில் ஒரு கடிகாரம் இருந்தது. அதன் நொடிமுள்ளைப் பார்த்தேன். ஓடிக்கொண்டிருந்தது.

"ஏட்டி, அத தரையப் பாத்துத் திருப்பு" என்றார் அப்பா.

திருப்பினேன்.

"இங்கனதாம்லே ஒங்கம்மாவப் போட்டிருந்தோம். தல அந்தப் பக்கம். பாத்துக்கோ."

"கொஞ்சம் கீழ காட்டுக்கா" என்றான் தம்பி. நான் குனிந்து பிடித்தேன். அங்கே சிவப்பு சிமென்ட் தரையைத் தவிர ஒன்றும் இல்லை. அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். என் முதுகு வலித்தது. நிமிராமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"ஞாயித்துக்கிழம வரைக்கும் வச்சிருக்கலாம்" என்றார் அப்பா. "பெட்டி இருந்துச்சு. கரண்டும் இருந்துச்சு. எல்லாரும் இருக்கட்டும்னுதான் சொன்னாவ. என்னால அவள அப்படிப் பாத்துக்கிட்டு ரெண்டு நாள் உக்கார முடியல. எடுங்கன்னுட்டேன். ஒன்ன நெனைக்கவே இல்லலே. அப்புறம் அத எந்த மூஞ்சிய வச்சு ஒங்கிட்ட சொல்ல? கோவம்னே இருந்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

கோபம் என்றுதான் ஆறு வருஷமும் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். 'யாரைப் பாக்க வரணும்' என்ற அந்த ஒரு கேள்விக்காகத் தம்பியை எத்தனை முறை திட்டியிருக்கிறேன். 'அப்பாகிட்ட அப்படிக் கேக்கலாமாலே?' என்று எத்தனை தடவை கேட்டிருக்கிறேன். எனக்கு அப்பாமேல் வந்த ஆத்திரத்தில் டேப்லெட்டைக் கீழே வைத்துவிட்டுப் போய்விடலாம் என்று தோன்றியது. அதற்குள் தம்பி வாய்விட்டு அழ ஆரம்பித்துவிட்டான். நானும் அழுதேன். டேப்லெட்டை மட்டும் நிமிர்த்தி, அப்பாவும் நானும் தெரிகிற மாதிரி பிடித்துக்கொண்டேன்.

"நானும் வந்திருக்கணும்ப்பா" என்றான். "எடுத்துட்டாலும் வந்திருக்கணும்."

"அத விடு. நாளைக்கு எனக்கு அப்படி இப்படி ஏதும் ஆச்சுன்னா, நீ வந்து சேருத வரைக்கும் எடுக்க மாட்டாவ. ஒங்கக்காகிட்ட எழுதியே கொடுத்திருக்கேன்."

அப்பா என்னிடம் எதுவும் எழுதிக் கொடுத்திருக்கவில்லை. தம்பி என்னைப் பார்த்தான். ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

அதற்குப் பிறகு இருவரும் அரைமணி நேரம் பேசினார்கள். பாதி நேரம் மாத்திரை, மீதி நேரம் அங்கே என்ன குளிர் என்பது. பேசி முடித்ததும் அப்பா வெள்ளைத்தாள் ஒன்று கேட்டார். பேனாவை உதறி எழுதினார். அந்தத் தாள் இப்போதும் என் பீரோவில் இருக்கிறது. நல்லவேளை, அதற்கு இதுவரை வேலை வரவில்லை. தெளிந்த புத்தியோடும் யாருடைய தூண்டுதலும் இல்லாமலும் எழுதிக் கொடுப்பது என்று ஆரம்பித்து, என் மகன் வந்து சேரும்வரை என்னை ரெண்டாங்கட்டில் வைத்திருக்க வேண்டியது, எடுக்கும் நாள் இன்னது என்று போய், அங்கே ஒரு சின்ன இடத்தைக் காலியாக விட்டு, கீழே கையெழுத்துப் போட்டிருந்தார். பத்திரத்தில் இப்படி ஓர் இடம் காலியாக இருந்தால் முகத்தில் எறிகிற மாதிரி திருப்பிக் கொடுத்தே ஓய்வு பெற்ற மனிதர் அவர்.

"நாள் போடாம விட்டுட்டீங்களேப்பா" என்றேன்.

"போன தடவ நான் குறிச்சேன். இந்தத் தடவ அவன் குறிக்கட்டும்" என்றார்.